பார்டர் தெரியுதா?

மொபைலில் எந்த ஆப்பைத் திறந்தாலும் திரையின் அடியில் நாலைந்து சின்னங்களோடு ஒரு பட்டை இருக்கும். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கூடவே வரும். யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. அந்தப் பட்டைக்கு நிறம் கொடுப்பது, ஓரத்தை வளைப்பது, சின்னங்களை மாற்றுவது, இதுதான் பதினாறு வருடமாக ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து நான் செய்யும் வேலை. "இதுக்கா உனக்கு இவ்ளோ சம்பளம்?" என்று அப்பா கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். இப்போது அவர் சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகிறது. அதற்கும் நான் செய்த ஒரு பட்டைக்கும் சம்பந்தம் உண்டு.

அப்பா மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தள வீட்டில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகு அடையாறில் என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதியது எழுதியதுதான், அடித்துத் திருத்தக் கூடாது, நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது என்று முப்பது வருடம் வாழ்ந்த மனிதர். பால் பாக்கெட் வராத நாளைக் காலண்டரில் குறித்து வைப்பார். என் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தில்கூடக் காய்ச்சல் என்று எழுதச் சம்மதிக்காமல், 'கல்யாணத்துக்குப் போகிறாள்' என்று எழுதிக் கொடுத்து என்னை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த புண்ணியவான்.

தி. நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் எங்களிடம் வேலை கொடுத்தது. தெற்கத்திக்காரர்கள். குடும்பத்தில் மூத்தவரைக் கடையில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில். தனியாக இருக்கும் பெரியவர்களைக் கவனிக்க அண்ணாச்சி ஒரு சேவை ஆரம்பித்தார். நர்ஸ், வண்டி, எப்போது கூப்பிட்டாலும் எடுக்க ஆள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஆப். அடியில் பட்டை, பட்டையில் நாலு சின்னம். நாலாவதை அழுத்தினால் ஆள் வந்துவிடும்.

நான் அந்த நாலாவதைச் சிவப்பாகப் போட்டு, 'ஆபத்து' என்று எழுதிக் கொண்டுபோனேன். அண்ணாச்சி முகம் சுண்டிப்போனது.

"இது என்ன தங்கச்சி, ஆஸ்பத்திரி மாதிரி? காலையில தொறந்ததும் ஆபத்துன்னு எழுதியிருந்தா நல்லாவா இருக்கு? பொடவைக்கு பார்டர்தான் லெச்சணம். இதுக்கும் நம்ம கடை அரக்கும் ஜரிகையும் போடுங்க. ஆபத்து வேண்டாம், ஒரு மணி போடுங்க. கோயில் மணி."

சரி என்றேன். பட்டை அரக்கு நிறம், சின்னங்கள் தங்க நிறம், பின்னால் பக்கம் முழுக்கச் சந்தன நிறம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டாவது தடவை போனபோது மாத்திரைப் பக்கத்தைக் காட்டினேன். அன்றைக்குப் போட வேண்டிய மாத்திரைகள் பெரிய பெரிய அட்டைகளாக வரும். போட்டாயிற்று என்று தொட்டால் அந்த அட்டை மறையும். எல்லாவற்றையும் தொட்டு முடித்தேன். 'இன்று மாத்திரை எதுவும் இல்லை' என்று வந்தது.

அண்ணாச்சி என் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்க கடையில 'இல்லை'ங்கிற சொல்லே வாயில வராது, பாத்துக்கிடுங்க. கேட்ட கலர் வரலைன்னா 'நாளைக்கு வந்திரும்'னுதான் சொல்லுவோம். காலி அலமாரியை வாடிக்கை கண்ணுல காட்டவே மாட்டோம். நீங்க என்னன்னா வெறும் பக்கத்தைத் தொறந்து காட்டுதீங்க. அந்த வார்த்தையை எடுத்துருங்க. இனி எனக்குக் காட்டும்போது நெறைஞ்சு இருக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். மாத்திரை தவறினால் பிள்ளைகளுக்குச் செய்தி போகவேண்டும் என்று நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். "கடல் தாண்டி இருக்க புள்ளைகளை எதுக்குப் பதற வைக்கணும்? போட்டாச்சுன்னு நல்ல சேதி மட்டும் போகட்டும்" என்று அதையும் தள்ளி வைத்தார்.

லிஃப்டில் இறங்கும்போது நானும் கூட வந்த ஆபீஸ்காரர்களும் சிரித்தோம். அலுவலகத்தில் சோதனைக் கணக்கு ஒன்று உண்டு. இல்லாத ஒரு பெரியவர், அவருக்கு இல்லாத வியாதிகள். அதில் மாத்திரைகளை நிரப்பி, எத்தனை தொட்டாலும் தீராதபடி செய்துவிட்டோம். சோதனை பார்க்கும் பெண் சொன்னாள், "அக்கா, இந்த ஆளு இவ்ளோ மாத்திரை போட்டா ஆப்பே வேணாம், நேரா ஆம்புலன்ஸ்தான்." அந்த நாளிலிருந்து எங்களில் ஒருவரும் காலிப் பக்கத்தைத் திறக்கவில்லை. காட்டாதே என்று சொன்னது அவர். பார்க்காமல் விட்டது நாங்கள்.

ஐபோனில் அந்தப் பட்டைக்கு இரண்டு தோற்றம் சொல்லவேண்டும். பக்கம் நீளமாக, பட்டைக்கு அடியிலும் ஏதாவது ஓடும்போது ஒன்று. பக்கம் முடிந்துபோய், அடியில் ஒன்றுமே இல்லாதபோது இன்னொன்று. இரண்டாவதை நாம் சொல்லாவிட்டால் ஃபோன் தானாகவே பட்டையைக் கண்ணாடியாக்கிவிடும். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆப்பில் விட்டுவிட்டேன். எங்கள் நிறைந்த பட்டியலின் கடைசியில் கடையின் அரக்கு நிற விளம்பரம் ஒன்று வரும். பட்டை கண்ணாடியானாலும் பின்னால் அந்த அரக்கு தெரியும், தங்கச் சின்னங்கள் பளிச்சென்று இருக்கும். காலிப் பக்கத்தில் விளம்பரம் கிடையாது. வெறும் சந்தனம். சந்தனத்தின் மேல் தங்கச் சின்னத்தை என் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடியாது. அப்பாவுக்குக் கண்புரை வேறு.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் தன் பழைய ஐபோனை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போவான். அதில் எழுத்தை ஆகப் பெரிதாக்கி, எங்கள் ஆப்பை நானே போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பெருமைதான். மகள் செய்த ஆப், அப்பாவுக்கு.

"ஏதாவது ஆச்சுன்னா அந்த மணியை அழுத்துங்கப்பா. தலை சுத்தினாலும் சரி, விழுந்தாலும் சரி."

"பார்டர்ல நாலாவது," என்றார். அண்ணாச்சி பேச்சை அவரிடம் சொல்லியிருந்தேன், அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து வீட்டிலும் பை வைத்த சட்டைதான் போட்டார். பனியனோடு இருந்த மனிதர், ஃபோன் வைக்கவென்று சித்திரை வெயிலிலும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

ஆனி கடைசியில் டாக்டர் மாத்திரைகளைக் குறைத்தார். ராத்திரி படுக்கும்வரை நாள் முழுக்க ஆறு இருந்தது, காலையில் இரண்டு என்று ஆனது. சர்க்கரைக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று. "உங்க பி.பி. நார்மலா இருக்கு சார், இதே மாதிரி வச்சுக்குங்க" என்றார். திரும்பும் வழியில் இருவரும் காபி குடித்தோம். நல்ல நாள் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பத்து மணிக்கு ஃபோன்.

"ஏம்மா, பார்டர் காணும்."

"என்னது காணும்?"

"கீழ இருக்குமே, மணி எல்லாம். காணும். வெறுமையா இருக்கு."

அப்போது கடையின் ஆடித் தள்ளுபடி வரப்போகிறது. துணி விற்கும் அவர்களுடைய இன்னொரு ஆப்பில் பட்டைக்கு வேப்பிலைத் தோரணம் கட்டவேண்டும் என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். நான் ஒரு நாளாக இலைக்கும் சின்னத்துக்கும் இடையே இடைவெளி சரிசெய்துகொண்டிருந்தேன். "எதையாவது அழுத்தியிருப்பீங்கப்பா. திரையை மேல தள்ளுங்க, வரும்" என்றேன். "தள்ளினேன், வரலை" என்றார். "மூடிட்டுத் திறங்க" என்று வைத்துவிட்டேன்.

மறுநாளும் பத்து மணிக்கு. அதற்கு மறுநாளும். அந்தக் குரலில் கோபம் இல்லை, நீதிமன்றத்தில் வழக்கு எண் வாசிப்பது மாதிரி வாசித்தார், "இன்னைக்கும் காணும்." எனக்குச் சுர்ரென்று ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே இட்லி வாங்கிக்கொண்டு போனேன். அப்பா இன்னும் மாத்திரை போடவில்லை. ஃபோனை வாங்கித் திறந்தேன். இரண்டு அட்டைகள், கீழே அரக்குப் பட்டை ஜம்மென்று இருந்தது.

"இதோ இருக்கே! இது என்ன?"

"இப்ப இருக்கு. அப்புறம் போயிடுது."

"எப்படிப்பா போகும்? நான் பண்ணினது எனக்குத் தெரியாதா?"

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். இட்லி சாப்பிட்டு, அவர் மாத்திரை போடுவதைப் பார்த்திருந்தால் போதும். தி. நகரில் பத்து மணிக்கு வேலை இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினேன். ஆமாம், கத்தினேன்.

"அது தெரியலேன்னா இந்த ஃபோன் உங்ககிட்ட இருந்தும் ஒண்ணுதான், இல்லாமலும் ஒண்ணுதான். நான் ராத்திரி எப்படித் தூங்கறது? எப்பவும் தெரியற மாதிரி வச்சுக்குங்க. அவ்ளோதான் உங்ககிட்ட கேக்கறேன்."

"சரிம்மா," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு பத்து மணி ஃபோன் நின்றுவிட்டது. பார்த்தாயா, கொஞ்சம் குரலை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று சோதனை பார்க்கும் பெண்ணிடம் சொன்னேன். தினமும் காலை எட்டரைக்கு என் ஃபோனில் 'மாத்திரை எடுத்தாயிற்று' என்று செய்தி வந்தது. நிம்மதியாக இருந்தது. இரண்டு மாத்திரைக்கு இரண்டு செய்தி வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வருகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல செய்தியை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

நடுவில் ஒரு நாள் கேட்டேன், "பார்டர் தெரியுதா?"

"தெரியுது. நாள் பூரா தெரியுது." அதில் ஒரு சின்னப் பெருமிதம் இருந்தது. பிறகு, "தலை கொஞ்சம் பாரமா இருக்கு" என்றார். வெயில்தான், மோர் குடியுங்கள் என்றேன். இன்னொரு நாள் காதுக்குள் இரைச்சலாக இருக்கிறது என்றார். பக்கத்துக் கோயிலில் ஆடி மாத ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதுதான் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

ஆடி பாதியில் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணாச்சியின் சேவையிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா மணியை அழுத்தியிருக்கிறார், வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். நான் ஆட்டோவில் லஸ் முனையைத் தாண்டும்போதே வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. சந்து முனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர் என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

"இன்னாமா இப்பதான் வர்றே? நைனா கீய வுயுந்துட்டாரு. ஃபோனு கையிலயே கீது, வுடமாட்டேன்றாரு. நாங்கதான் தூக்கி வண்டில ஏத்தினோம். வாய் ஒரு மாரியா இஸ்துகினு கீதும்மா."

ஆட்டோவை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் மூளையில் ரத்தக்கசிவு என்றார். பி.பி. எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றார். பிறகு கேட்டார், "பி.பி. மாத்திரையை எத்தனை நாளா விட்டுட்டார்?"

"விடவே மாட்டார் டாக்டர். அதுக்குத்தான் ஆப்பே இருக்கு. நான்தான் பண்ணினேன்," என்று அப்பாவின் ஃபோனைத் திறந்து நீட்டினேன்.

திரையில் ஒரு அட்டை இருந்தது. பி.பி. மாத்திரையின் பெரிய படம், கீழே பெரிய எழுத்தில் 'காலை உணவுக்குப் பின்', எழுத்தின் பெருக்கத்தில் அந்த ஒரே அட்டை திரையைத் தாண்டிப் பட்டைக்கு அடியில் போயிருந்தது. பட்டை அரக்கு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அதில் நாலாவது மணி. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நடையில் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அட்டையைத் தொட்டேன், 'போட்டாயிற்று'. அட்டை மறைந்தது. கூடவே பட்டையும் மறைந்தது. வெறும் சந்தனம். மணி இல்லை, ஒன்றும் இல்லை. தொட்டதை ரத்து செய்தேன். பட்டை வந்தது. மறுபடி தொட்டேன். போனது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மாள் "என்னம்மா, ஃபோன் ரிப்பேரா?" என்று கேட்டாள்.

அப்பா கண்டுபிடித்துவிட்டார். நான் கண்டுபிடிக்காததை அவர் கண்டுபிடித்து, வழியும் கண்டுபிடித்துவிட்டார். ஒரு மாத்திரை மீதி இருந்தால் பார்டர் போகாது. வேறொருவராக இருந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு, அட்டையைத் தொடாமல் விட்டிருப்பார். இவருக்கு அது முடியாது. போட்டுவிட்டுப் போடவில்லை என்று காட்டினால் அது பொய்க் கணக்கு. போடவில்லை என்று ஆப் சொன்னால் நிஜமாகவே போட்டிருக்கக் கூடாது. பி.பி. தான் நார்மல் ஆயிற்றே, அதையே விட்டுவிட்டார். இதில் என் வயிறு எரிவது இன்னொன்றை நினைத்து. பட்டை கண்ணில் படாவிட்டாலும் அங்கேதான் இருந்தது, அந்த மூலையில் விரல் வைத்தால் மணி அடித்திருக்கும். அதை அவருக்கு யாராவது சொல்லவேண்டும் அல்லவா? நான்தான் சொல்லவேண்டும்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மேஜை இழுப்பறையில் பி.பி. மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று முழுசாக, அடுத்தது பாதிவரைக்கும். பிரிக்காத ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரே, வெள்ளித்தாளின் மேல் பால்பாயின்ட் பேனாவால் தேதி போட்டிருந்தார். அப்பாவின் பொடிக் கையெழுத்து. முதல் தேதி நான் இட்லி வாங்கிப்போன ஞாயிற்றுக்கிழமை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாலாம் நாள் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கே வந்தார், ஒரு கிலோ லட்டோடு. கண் கலங்கியிருந்தார், அது நடிப்பு இல்லை. "பாத்தீங்களா தங்கச்சி, நம்ம பார்டர் ஒரு உசிரைக் காப்பாத்திட்டு. அப்பா எந்திரிச்சதும் ஒரு போட்டோ எடுத்துக்கிடலாமா? நாலு பேருக்குத் தெரியட்டும்." நான் சரி என்று தலையை ஆட்டினேன். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. பயமா, வெட்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

அன்றே அந்த விட்டுப்போன தோற்றத்தைச் சேர்த்தேன். நிரலில் மூன்று வரி. காலிப் பக்கத்திலும் பட்டை அரக்காகவே நிற்கும். ஆப்பின் புதிய பதிப்பை அனுப்பும்போது என்ன மாற்றினோம் என்று எழுதவேண்டும். 'தோற்றத்தில் சிறு திருத்தங்கள்' என்று எழுதினேன். அப்பா எழுதியிருக்கமாட்டார். இந்த ஊரில் இன்னும் எத்தனை வீட்டில், மாத்திரை எல்லாம் போட்டு முடித்த எத்தனை பேர், வெறும் சந்தன நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவை அடையாறுக்கு அழைத்துவந்துவிட்டேன். வலது கை வராது. பேச்சு குழறும், ஆனால் எனக்குப் புரியும். வந்த மறுநாள் காலை அவர் இடது உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளை வைத்தேன். ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இன்னொன்றோடு கையை மூடிக்கொண்டார்.

"அதையும் போடுங்கப்பா."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "பா...ர்டர்."

"சரி பண்ணிட்டேன்பா. இனிமே போகாது."

நான் ஃபோனை எடுத்து, இரண்டு அட்டைகளையும் தொட்டு மறைத்து, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். காலிப் பக்கம், அடியில் அரக்குப் பட்டை, ஜரிகை, மணி.

"பாருங்க, இதோ இருக்கே."

அதைச் சொன்ன பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இதே வார்த்தையைச் சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அப்பா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார், குழறிக் குழறிச் சொன்னார், "இப்ப... இருக்கு."

கையைத் திறக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன். வியர்வையில் மாத்திரை பாதி கரைந்திருந்தது.